1929 பெரும் பொருளாதார மந்தம்: பங்குச்சந்தை சரிவு நாட்டையே முடக்கியது எப்படி?

1929 அக்டோபர் 28, 29. இரண்டே நாளில் அமெரிக்கப் பங்குச்சந்தையின் டோவ் ஜோன்ஸ் குறியீடு கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கை இழந்தது. 1933-க்குள் அந்நாட்டுத் தொழிலாளர்களில் நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. ஆனால், அன்றைய அமெரிக்கர்களில் பெரும்பாலானோரிடம் ஒரு பங்குகூடக் கிடையாது. அப்படியென்றால் அவர்கள் வேலை ஏன் போனது?

வங்கிகளில் என்ன நடந்தது?

நாம் போடும் பணத்தை வங்கி பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, கடனாகக் கொடுத்துவிடுகிறது. எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் நல்ல வங்கிகூடத் தாங்காது. அதுதான் நடந்தது. ஒரு வங்கி மூடினால், பக்கத்து ஊர் வங்கியிலும் கூட்டம் கூடியது. 1930 முதல் 1933 வரை சுமார் 9,000 வங்கிகள் முடங்கின. டெபாசிட்டுக்கு நாடு தழுவிய காப்பீடு இல்லாததால் பலரின் சேமிப்பு கரைந்தது. புழங்கும் பணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

பணம் குறைய, விலைகள் விழுந்தன. விலை குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் சம்பளமும் விவசாயி வருமானமும் கூடவே விழுந்தன. கடன் தவணை மட்டும் அப்படியே நின்றது. இன்று சம்பளம் பாதியாகி, இஎம்ஐ மாறாமல் இருந்தால் எப்படி இருக்கும்? அதே கதைதான்.

அரசு சும்மா இருந்ததா?

இல்லை. செய்ததில் பல தப்பாகப் போயின. 1930-ல் ஸ்மூட்-ஹாலி சட்டம் இறக்குமதி வரியை உயர்த்தியது. மற்ற நாடுகள் பதிலடி கொடுக்க, உலக வர்த்தகம் மேலும் சுருங்கியது. டாலரின் மதிப்பு தங்கத்தோடு கட்டப்பட்டிருந்தது. தங்கம் வெளியேறாமல் தடுக்க, 1931 அக்டோபரில் மத்திய வங்கி வட்டியை ஏற்றியது. மந்தத்தின் நடுவில் கடன் இன்னும் கடினமானது. 1932-ல் வருமான வரியும் உயர்ந்தது.

எது வேலை செய்தது?

1933 மார்ச்சில் பதவியேற்ற அதிபர் ரூஸ்வெல்ட், முதலில் எல்லா வங்கிகளையும் மூடினார். நல்ல நிலையில் உள்ளவை மட்டுமே திறக்கப்படும் என்று வானொலியில் விளக்கினார். திறந்தபோது மக்கள் பணத்தைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். அடுத்து டாலரைத் தங்கத்திலிருந்து விடுவித்தார். 1934 ஜனவரியில் 2,500 டாலர் வரை டெபாசிட் காப்பீடு வந்தது. அரசே வேலையும் கொடுத்தது.

1931-லேயே தங்கத்தைக் கைவிட்ட பிரிட்டன் சீக்கிரம் மீண்டது. 1936 வரை பிடித்துக்கொண்டிருந்த பிரான்ஸ் அதிக நாள் அவதிப்பட்டது. அமெரிக்கா 1937-ல் அவசரப்பட்டுச் செலவைக் குறைத்தபோது வேலையின்மை மறுபடி எகிறியது.

இந்தியாவில்?

விளைபொருள் விலை சரிந்தும் விவசாயிகளின் நிலவரிச் சுமை அதற்கேற்பக் குறையவில்லை. ரூபாய் மதிப்பைக் குறைக்க ஆங்கிலேய அரசு மறுத்தது. வரியும் வட்டியும் கட்ட வீட்டுத் தங்கத்தை மக்கள் விற்றார்கள். 1931-க்குப் பின் அது பெருமளவில் லண்டனுக்குக் கப்பலேறியது.

இந்தியாவில் டெபாசிட் காப்பீடு 1962-ல், 1,500 ரூபாயுடன் தொடங்கியது. 2020 முதல் வரம்பு, ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய். அதற்கு மேல் ஒரே வங்கியில் வைத்திருந்தால், மீதிக்கு இந்தக் காப்பீடு கிடையாது.