நிழல் பேசும் மொழி



தொழுகை, நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 103ஆம் வசனம் உணர்த்துகிறது. லுஹர், அஸர் நேரங்களை நம் முன்னோர் நிழலைக் கொண்டே அறிந்தனர். நமது காட்டுப்பள்ளிக்கு வடக்கே பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் இதற்கென்றே ஒரு நிழற்கடிகாரம் உண்டு. இப்பணியில் தேர்ந்தவருக்கு 'முவக்கித்' என்று பெயர். டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலின் முவக்கித்தாக விளங்கிய இப்னுஷ் ஷாதிர் (ரஹ்) அவர்கள், 1371ஆம் ஆண்டு அங்கே பெரியதொரு நிழற்கடிகாரத்தை அமைத்தார்கள்.

இக்கலைக்கெனத் தனிச் சொற்கள் உள்ளன. சூரியன் உச்சியில் நிற்பது 'இஸ்திவா'. அது மேற்கே சாய்வது 'ஸவால்'. அப்போது லுஹர் தொடங்குகிறது. உச்சி வேளையில் எஞ்சி நிற்கும் நிழல் 'ஃபைஉஸ் ஸவால்'. உர்தூ வழக்கில் 'ஸாயா அஸ்லி', அதாவது அசல் நிழல். ஒரு பொருளின் உயரத்திற்குச் சமமான நிழலளவு 'மிஸ்ல்'.

உச்சி என்றதும் பலர் கடிகாரத்தின் 12 மணியை எண்ணுகின்றனர். நம் நாட்டுக் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது. நம் ஊர் அதற்கு மேற்கே இருப்பதால், இங்கு உச்சி சராசரியாக 12.08 அளவில் வரும். அதுவும் நிலையானதன்று. நவம்பர் தொடக்கத்தில் ஏறக்குறைய 11.52க்கும், பிப்ரவரி நடுவில் 12.23க்கும் வரும்.

இதனினும் பெரிய தவறு அஸரில் நேர்கிறது. 'நிழல் ஒரு மிஸ்ல் ஆனால் அஸர்' என்று மட்டும் மனனம் செய்து, அசல் நிழலைச் சேர்க்க மறந்துவிடுகின்றனர். ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் நம் ஊரில் உச்சி நிழல் இல்லாமலே போவதால், அந்நாட்களில் பிழை தெரியாது. டிசம்பர் இறுதியிலோ, 100 செ.மீ. குச்சிக்கு உச்சியிலேயே சுமார் 75 செ.மீ. நிழல் இருக்கும். ஆகவே 175 செ.மீ. ஆகும்போதுதான் ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் தொடங்கும். அது சுமார் 3.20 மணி. 100 செ.மீ. ஆனதுமே தொழுதுவிட்டவர், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் முன்னதாகத் தொழுதவராவார். நேரம் வருமுன் தொழுத தொழுகை நிறைவேறாதே! இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பிரபலமான கருத்தின்படி, அசல் நிழல் நீங்கலாக இரண்டு மிஸ்ல் ஆக வேண்டும்.

துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் ஷிப்டு மாறும் அவசரத்தில் தொழும் சகோதரர்கள் இதைக் கவனத்தில் கொள்வார்களாக! நம் பள்ளிவாசல்களில் தொங்கும் நேர அட்டவணையும் இந்த நிழற்கணக்கின் வழியே வந்ததுதான். ஒரு விடுமுறை நாளில் மொட்டை மாடியில் குச்சியொன்றை நட்டு, உச்சி நிழலையும் அஸர் நிழலையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சூரியனை நிழலுக்கு வழிகாட்டியாக்கியவன் இறைவன் என அல்ஃபுர்கான் 45ஆம் வசனம் கூறும் அத்தாட்சியை அவர்கள் கண்ணாரக் காண்பார்கள்.

தொழுகைகளை அவற்றின் நேரத்தில் பேணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.