வலிக்காமல் வரும் வயிற்றுப்புண்

ஐ.சி.யூ.வில் படுத்திருக்கும் நோயாளியின் மூக்கு வழியாக இறங்கும் மெல்லிய குழாயின் மறுமுனை கட்டிலோரம் ஒரு பையில் தொங்கும். அதில் வழக்கமாகச் சேர்வது வெளிறிய மஞ்சள் நீர். ஒருநாள் அது காபித்தூளைக் கரைத்ததுபோல் பழுப்பாக இறங்கினால் செவிலியர் உடனே மருத்துவரை அழைப்பார். ரத்தம் வயிற்று அமிலத்தில் கலந்தால் அந்த நிறம்தான் வரும்.

"அவருக்கு அல்சரே கிடையாதே டாக்டர்!" என்று வெளியே காத்திருக்கும் குடும்பம் பதறும். அவர்கள் சொல்வது உண்மைதான். சேர்க்கும்போது இல்லாத புண், சேர்ந்த சில நாட்களில் வந்திருக்கிறது.

தீக்காயமும் தலைக்காயமும்

இது புதிய நோய் அல்ல. கடுமையான தீக்காயம் பட்டவர்களின் முன்சிறுகுடலில் புண் விழுவதை 1842இல் லண்டன் அறுவை மருத்துவர் தாமஸ் கர்லிங் எழுதினார். மூளையில் பாதிப்போ அறுவை சிகிச்சையோ நேர்ந்தவர்களுக்கும் இப்படி நேர்வதை 1932இல் அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங் விவரித்தார். இன்றும் அந்தப் புண்கள் இருவர் பெயராலும் அழைக்கப்படுகின்றன.

ரத்தம் திசை மாறும்போது

இறைச்சியைக் கரைக்கும் அமிலம் இரைப்பையைக் கரைக்காமல் இருப்பதற்குக் காரணம், உட்சுவரில் படிந்திருக்கும் கோழைப் படலம். அதைச் சுரக்கும் செல்களுக்கு இடைவிடாத ரத்த ஓட்டம் வேண்டும். கிருமித்தொற்று ரத்தத்தில் பரவியோ, ரத்தம் பெருமளவு இழந்தோ ரத்த அழுத்தம் சரியும்போது, உடல் இருக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடுகிறது. வயிறு காய்கிறது. படலம் மெலிகிறது. அமிலம் கூடாமலேயே சுவர் அரிக்கப்படுகிறது. தலைக்காயத்தில் மட்டும் நரம்புத் தூண்டலால் அமிலமும் மிகுதியாகச் சுரக்கும்.

பெரும்பாலும் இவை மேலோட்டமான சிராய்ப்புகள். சில ஆழமாக இறங்கி ரத்தக்குழாயைத் தொட்டுவிடும். அரிதாக, குடலையே துளைத்துவிடும்.

யாருக்கு வருகிறது?

கனடாவின் டெபோரா குக் தலைமையில் 2,252 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 1994இல் வெளியானது. அது சுட்டிய முக்கியக் காரணிகள் இரண்டு: 48 மணி நேரத்துக்கு மேல் வென்டிலேட்டரில் இருப்பது, ரத்தம் உறையும் தன்மை குறைவது. இவற்றில் ஒன்றாவது இருந்தவர்களில் 3.7 சதவீதத்தினருக்கு ஆபத்தான ரத்தக்கசிவு ஏற்பட்டது. இரண்டும் இல்லாதவர்களில் 0.1 சதவீதம்தான்.

இவை தவிர, ஐ.சி.யூ.வில் சேரும்போதே குடும்பத்தார் சொல்லியாக வேண்டியவையும் உண்டு. முன்பு அல்சர் இருந்ததா, ஆஸ்பிரின் சாப்பிடுகிறாரா, மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினாரா? பதற்றத்தில் விட்டுப்போவது இந்தக் கடைசி விஷயம்தான்.

வாய் பேசாத நோயாளி

சாதாரண அல்சர்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுவார். மயக்க மருந்தில் இருப்பவரால் வலியைச் சொல்ல முடியாது. குடலில் துளை விழுந்தால்கூட முகம் சுளிக்காமல் இருக்கலாம். நாடித்துடிப்பு ஏறுவது, ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் இறங்குவது, மலம் தார்போல் கறுத்து நாறுவது, வயிறு உப்பி விறைப்பது ஆகியவைதான் தடயங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால் மருத்துவர் அதையும் விசாரிப்பார்.

கசிவு தெரிந்தால் நோயாளியை நிலைப்படுத்தி, எண்டோஸ்கோபி வழியாக ஊசி போட்டோ, சுட்டோ, கிளிப் பொருத்தியோ நிறுத்த முயல்வார்கள். துளை விழுந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான்.

கேஸ் மாத்திரையின் இடம்

நம் வீடுகளில் 'கேஸ் மாத்திரை' என்று பெயர் வாங்கிய பான்டோபிரசோல் இங்கே உயர்ந்த வேலை செய்கிறது. வென்டிலேட்டரில் இருந்த 4,821 பேரிடம் குக் குழுவினர் நடத்திய சோதனை 2024இல் வெளியானது. மருந்து பெற்றவர்களில் 1 சதவீதத்தினருக்கும் வெற்று மருந்து பெற்றவர்களில் 3.5 சதவீதத்தினருக்கும் முக்கியமான ரத்தக்கசிவு ஏற்பட்டது. இறப்பு விகிதத்தில் மட்டும் உறுதியான வித்தியாசம் இல்லை. ரத்தக்கசிவைத் தடுப்பதே பெரிய உதவி. ஆனால் அடிப்படை நோயைக் குணப்படுத்தும் வேலை இந்த மருந்துடையதல்ல. முடிந்தவரை சீக்கிரம் குழாய் வழியாக உணவு தொடங்குவதும் இரைப்பைச் சுவருக்கு நல்லது.

சிக்கல் வீடு திரும்பும்போது வருகிறது. ஐ.சி.யூ.வுக்காகத் தொடங்கிய மாத்திரை டிஸ்சார்ஜ் சீட்டிலும் இடம்பிடித்து, தேவை முடிந்த பிறகும் வருடக்கணக்கில் தொடர்கிறது. அதற்காக யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது. ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மருந்துகள் எடுப்பவர் போன்றோருக்கு அது அவசியமாக இருக்கலாம். டிஸ்சார்ஜ் அன்று சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த மாத்திரை எதுக்கு, எத்தனை நாளைக்கு?" என்று மருத்துவரிடம் கேட்டு, பதிலை அதே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.