எழுத்தெண்ணும் பக்கமும் பல உலாவிகளும்

மாணாக்கன் ஒருவன், சொல்லைத் தந்தால் அதன் எழுத்துக்களை எண்ணிக் கூறும் வலைப்பக்கம் ஒன்றை அமைக்கின்றான் என்க. 'தமிழ்' என்று எழுதினால், இலக்கணம் அறிந்தோர் எழுத்து மூன்று என்பர். கணினியோ ஐந்து என்று விடை பகரும். காரணம் யாது? யூனிக்கோடு முறையில் அச்சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகவே நிற்கின்றது. ஜாவாஸ்கிரிப்ட் மொழி அக்குறியீடுகளையே எண்ணுகின்றது.

உலாவிகளின் போட்டி பழையது. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனம் ஜாவாஸ்கிரிப்டை வெளியிட்டது. மறு ஆண்டே மைக்ரோசொவ்ற் நிறுவனம் தன் எக்ஸ்புளோரரில் அதனையொத்த வேறொன்றைச் சேர்த்தது. இதனால் ஒரே வேலைக்கு இருவேறு நிரல்கள் எழுதவேண்டியதாயிற்று. 1997இல் மொழிக்கும், 1998இல் பக்க அமைப்பைக் கையாளும் முறைக்கும் பொதுவிதிகள் பிறந்தன.

தமிழருக்கோ இடர் இரட்டிப்பாயிற்று. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கில விசைக்குறிகளாகவே சேமிக்கப்பட்டது. எழுத்துரு இல்லாத கணினியில் அன்னையின் பெயர் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது. யூனிக்கோடு பரவிய பின்னரே இவ்விடர் நீங்கியது.

எனினும் வேற்றுமை முற்றும் ஒழிந்திலது. எழுத்துக்களைச் செம்மையாகப் பிரிக்கும் 'செக்மென்ரர்' என்னும் கருவி குரோமில் 2020இலும், சபாரியில் 2021இலும், பயர்பொக்சில் 2024இலுமே இடம்பெற்றது. ஆகவே பழைய கைப்பேசிகளில் அது இராது.

இங்கே மாணாக்கர் கொள்ளவேண்டிய நெறி ஒன்றுண்டு. உலாவியின் பெயரை வினவற்க. அதன் ஆற்றலை வினவுக. கருவி உண்டாயின் அதனைப் பயன்படுத்துக. இன்றேல் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் நீக்கி, எஞ்சியவற்றை எண்ணுக. 'தமிழ்' என்பதில் த, ம, ழ என மூன்றே எஞ்சும், விடை சரியாகும். பின்னர் பல உலாவிகளிலும், பழைய கைப்பேசி ஒன்றிலேனும் சோதித்துப் பார்க்க.

இது சிறு நுணுக்கமன்று. மூதூரில் ஒரு சிறுவன் 'மூன்று' என்று சரியாக விடையளிக்க, பக்கம் 'பிழை' என்னுமாயின், அவன் கணினியை ஐயுறான். தன்னையும் தான் கற்ற இலக்கணத்தையுமே ஐயுறுவான். கணினித் துறையில் சிறந்து விளங்கும் நம் பழைய மாணவர் இதனை மனங்கொண்டு, இன்று பயிலும் இளையோர்க்கு வழிகாட்டுவாராக.