நேர்முகத் தேர்வுக்கு அஞ்சலாமா?

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்று, கல்லூரி உதவித்தொகைக்கான நேர்முகத் தேர்வுக்கு அழைப்பும் வந்தபின், "நான் போகவில்லை, எனக்குப் பேச வராது" என்று ஒதுங்கும் மாணவியர் உண்டு. இந்த அச்சம் ஏன் வருகிறது, அதை வெல்வது எப்படி என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

நாம் அஞ்சும்போது, சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, வாய் உலர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஆபத்தை எதிர்கொள்ள உடல் செய்யும் ஆயத்தமே இது. எனவே நடுக்கம் அறிவின்மைக்கு அடையாளம் அன்று. மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக வெளிவிட்டால் படபடப்புத் தணியும்.

மதிப்பெண்ணும் வருமானமும் தாளிலேயே இருக்க, நேரில் அழைப்பது எதற்காக? இப்பாடத்தை இவள் ஏன் விரும்புகிறாள், இடையில் நிறுத்தாமல் படித்து முடிப்பாளா, வீட்டு நிலை எத்தகையது என்பவற்றைத் தாள் சொல்லாது. இவற்றுக்கு விடை புத்தகத்தில் இல்லை, உங்களிடமே உள்ளது.

"தந்தை என்ன வேலை செய்கிறார்?" என்னும் கேள்விக்குத்தான் பலர் தலை குனிகின்றனர். கூலி வேலையோ, வீட்டு வேலையோ, உள்ளதை உள்ளபடி கூறுங்கள். அத்தகைய குடும்பத்துப் பிள்ளைகளும் கற்க வேண்டும் என்பதற்காகவே உதவித்தொகை ஏற்பட்டது. அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மாணி, இயற்பியலில் மேலும் ஆராய விரும்பினார். கிடைத்ததோ வானிலைக் கருவிகள் பற்றிக் கற்பதற்கான அரசு உதவித்தொகை. அதை ஏற்று 1945இல் இங்கிலாந்து சென்றார். 1948இல் திரும்பி, அக்கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். வந்த வாய்ப்பை விடாததன் பயன் இது.

இனி, ஆயத்தம். சான்றிதழ்களின் மூலங்களையும் நகல்களையும் முதல் நாளே ஒரே கோப்பில் அடுக்குங்கள். ஆசிரியை ஒருவர் கேள்வி கேட்க, வாய்விட்டு விடை கூறிப் பழகுங்கள். அரை மணி நேரம் முன்னதாகச் சென்று சேருங்கள். ஆங்கிலம் தடுமாறினால், "தமிழில் கூறலாமா?" என்று பணிவுடன் கேளுங்கள். அறியாததைத் "தெரியவில்லை" என்றே சொல்லுங்கள்.

பெற்றோரே, மகளுக்குரிய கேள்விக்கு நீங்கள் விடை கூறாதீர்கள். "இது கிடைக்காவிட்டால் படிப்பே இல்லை" என்று சொல்லி அனுப்பவும் வேண்டாம். வேறு வழிகளும் உள்ளன. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர் உயர்கல்வி கற்க மாதம் ரூ. 1000 வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தைத் தமிழக அரசு 2022இல் தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றோருக்கும் 2024 இறுதியில் அது விரிவாக்கப்பட்டது.

தங்கைகளே, தேர்ந்தெடுப்பது அவர்கள் பொறுப்பு. சென்று அமர்ந்து உண்மையைக் கூறுவது உங்கள் பொறுப்பு. அழைப்பு வந்தால் தயங்காமல் புறப்படுங்கள்.