உலர்தாவரச் சீட்டும் சுவடிக் குறிப்பும்: ஆல்ட்ரோவாண்டாவை முன்வைத்து

ஆல்ட்ரோவாண்டா வெசிகுலோசா, வேரின்றி நீரில் மிதந்து, பொறிபோல் மூடும் இலைகளால் சிற்றுயிர்களைப் பிடித்துண்ணும் அரிய தாவரம். இந்தியாவிற் சேகரித்ததைக் கொண்டு புளூக்கெனெட் 1696-இல் இதனை முதன்முதலிற் பதிவுசெய்தார். 1747-இல் மோன்டி, இத்தாலிய மாதிரிகளை விளக்கி, பொலோஞா நகரில் உலர்தாவரத் தொகுப்பை உருவாக்கிய ஆல்ட்ரோவாண்டியின் நினைவாக ‘ஆல்ட்ரோவாண்டியா’ எனப் பெயரிட்டார். 1753-இல் லின்னேயசின் நூலில் இகரம் விடுபட்டது. எழுத்துப் பிழையெனக் கருதப்படும் அவ்வடிவமே இன்று ஏற்புடைய பெயர். சுவடிப் பதிப்பாளர்க்கு இத்தகைய பாடம் புதிதன்று.

பெயரினும் இடக்குறிப்பே இங்கு இன்றியமையாதது. இத்தாலியின் இயல்பான நீர்நிலைகளில் இத்தாவரம் அழிந்துவிட்டது. எச்சதுப்பில், எக்காலத்தில் அது வளர்ந்தது என்பதற்கு அழுத்தி உலர்த்திய மாதிரியோடு ஒட்டிய சீட்டே முதன்மைச் சான்று. ஊர், நாள், சேகரித்தவர் பெயர் ஆகியவற்றைத் தரும் அச்சீட்டு, ஏடெழுதியவரையும் காலத்தையும் கூறும் சுவடியின் ஈற்றுக் குறிப்பை ஒத்தது. சீட்டிழந்த மாதிரி இனத்தைக் காட்டும். அது வாழ்ந்த குளத்தைக் காட்டாது.