உறைக்குள் ஒரு கவுன்

முதல் வருஷ இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ்ல 'டெவலப்மென்ட் ஆஃப் சர்ஃபேசஸ்'னு ஒரு யூனிட் வருமே, ஞாபகம் இருக்கா? கூம்பையும் பட்டகத்தையும் விரிச்சுத் தட்டையா வரையச் சொல்வாங்க. "இது எங்கப்பா யூஸ் ஆகப்போகுது"ன்னு மினி டிராஃப்டரைத் திட்டிக்கிட்டே வரைஞ்சிருப்போம். அதே கணக்கை, கல்லூரிப் பக்கமே போகாத எத்தனையோ அமெரிக்கப் பெண்கள் நூறு வருஷத்துக்கும் மேலாகச் சமையலறை மேசையில் வைத்துப் போட்டிருக்கிறார்கள். கூம்புக்குப் பதில் மனித உடம்பு, டிராயிங் ஷீட்டுக்குப் பதில் டிஷ்யூ பேப்பர். அந்தத் தாளுக்குப் பெயர் பேட்டர்ன். இன்று அதே தாள்களைத் தேடிச் சேர்த்து, நகலெடுத்து, தைத்துப் போடும் ஒரு கூட்டமே இருக்கிறது.

முதலில் அந்தத் தாள் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். 20 செ.மீ. ஆரமுள்ள ஒரு வட்டத்தை வெட்டி, அதில் கால் பங்கை ஆப்பு மாதிரி எடுத்துவிட்டு, மிச்சத்தின் இரண்டு ஓரங்களையும் ஒட்டுங்கள். 15 செ.மீ. ஆரமும் 13 செ.மீ. சொச்சம் உயரமும் உள்ள கூம்பு எழுந்து நிற்கும். தையல்காரர் 'டாட் பிடிக்கிறேன்' என்று சொல்வது இதைத்தான். தட்டையான துணியில் ஒரு ஆப்பை மடித்துத் தைத்தால் அந்த இடத்தில் மேடு வரும். மார்பு, இடுப்பு, முழங்கை, எங்கே வளைவு வேண்டுமோ அங்கே ஒரு டாட். நம்ம ஊர் டெய்லர் இதை மனக்கணக்காகவே போட்டு, அளவு ஜாக்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துணி மேல் நேராகச் சாக்பீஸால் கோடு இழுத்துவிடுவார். அமெரிக்காவில் அந்தக் கணக்கு தாளில் ஏறி, உறைக்குள் போய், கடையில் விற்பனைக்கு வந்தது.

ஏற்றியவர் எபனேசர் பட்டரிக். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டெர்லிங் என்ற சிற்றூரில் தையல்காரர். அவருக்கு முன்பே பத்திரிகைகளில் பேட்டர்ன் படங்கள் வந்தன. ஆனால் அவை ஒரே அளவு, அதுவும் சின்னப் படம். பெரிதாக்கி நம் உடம்புக்கு ஏற்றபடி மாற்றுவது வாங்கியவர் பாடு. பட்டரிக் 1863இல் ஒரே உடையைப் பல அளவுகளில் தாளில் வெட்டி விற்றார். முதலில் ஆண்களுக்கும் பையன்களுக்கும், சில வருஷம் கழித்துப் பெண்களுக்கு. தையல் மெஷின் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த நேரம் அது, சிங்கரின் காப்புரிமையே 1851தான். மெஷின் இருக்கிறது, வெட்டத் தெரியவில்லை என்ற இடைவெளியில் பட்டரிக் சரியாகப் போய் உட்கார்ந்தார். 1870இல் நியூயார்க்கில் ஜேம்ஸ் மெக்கால், 1927இல் மலிவு விலையோடு சிம்ப்ளிசிட்டி என்று வரிசையாக வந்தார்கள்.

பழைய உறை ஒன்றைத் திறந்தால் முதலில் ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். தாளில் எதுவுமே எழுதியிருக்காது! வெறும் ஓட்டைகள். டிஷ்யூவை அடுக்கடுக்காக வைத்து மொத்தமாக வெட்டி, மொத்தமாகத் துளை போட்டுவிடுவார்கள். பெரிய துளைகள் துணியின் பாவு நூல் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எந்த ஓரத்தை மடிப்பில் வைக்க வேண்டும் என்று சொல்லும். சின்னத் துளைகள் டாட்டுக்கு. எந்த ஓரம் எதோடு சேரும் என்பதற்கு ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுகள், நம்ம அசெம்ப்ளி டிராயிங் அடையாளம் மாதிரி. மெக்கால் 1920 வாக்கிலேயே கோடு போட்டு அச்சடிக்கத் தொடங்கிவிட்டது. மற்றவர்கள் துளையை விட்டு வர இன்னும் பல வருஷம் ஆனது. கூடவே வரும் குறிப்புத் தாள்தான் அதற்கெல்லாம் அகராதி. அது தொலைந்து போனால் புதிர்ப்போட்டிதான்.

அடுத்தது சைஸ். இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அடி வாங்குவார்கள். 1940களின் உறையில் 14 என்று போட்டிருந்தால் மார்பளவு 32 அங்குலம். 1960களின் தொடக்கத்தில் அதே 14 என்றால் 34. 1968 வாக்கில் பேட்டர்ன் நிறுவனங்கள் சேர்ந்து அளவை மாற்றியபோது அந்த 34 அங்குலம் 12ஆம் எண்ணுக்குப் போய்விட்டது. உடம்பு அப்படியேதான் இருக்கிறது, எண் மட்டும் ஊர்வலம் போகிறது. அதனால் எண்ணை மறந்துவிட்டு உறையின் பின்னால் அங்குலத்தில் இருக்கும் அளவை மட்டும் பாருங்கள். இன்னொன்று, 1950களின் இடுப்பளவைப் பார்த்து மனசு ஒடிந்துவிடாதீர்கள். அப்போது உடைக்குள்ளே இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடை போடுவார்கள். அந்த இறுக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வரைந்த தாள் அது.

மார்பளவு 32க்கான தாள் கையில் இருக்கிறது, உங்களுக்கு 36 வேண்டும். நாலு அங்குலம் கூட்ட வேண்டும். முன்பக்கம் பாதி, பின்பக்கம் பாதி என்று தாளில் இருப்பது உடம்பில் கால் பங்குகள். ஆகவே கால் பங்குக்கு ஒரு அங்குலம். சரி, பக்கவாட்டுத் தையலில் ஒரு அங்குலத்தைத் தள்ளிவிடலாமே? அப்படிச் செய்தால் கைக்குழி அகலமாகிவிடும், கை அதில் பொருந்தாது, தோள்பட்டை பழைய இடத்திலேயே நிற்கும். தோளின் நடுவிலிருந்து இடுப்பு வரை தாளை வெட்டி அதில் கொஞ்சம் விரித்து, பக்கத்தில் கொஞ்சம் கூட்டி, அந்த ஒரு அங்குலத்தைப் பங்கு போட வேண்டும். கைக்குழி எவ்வளவு வளர்ந்ததோ, கைத்துண்டும் அவ்வளவு வளர வேண்டும். அதற்கும் முன்னால் கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு வரை உங்கள் முதுகை அளந்து, உறையில் போட்டிருக்கும் முதுகு நீளத்தோடு ஒப்பிடுங்கள். அது சரியில்லை என்றால் மற்ற எதைச் சரி செய்தும் பயனில்லை, உடையின் இடுப்பு உங்கள் இடுப்பில் வந்து உட்காராது. எல்லாம் முடிந்ததும் நல்ல துணியைத் தொடாமல் காடா துணியில் ஒரு தடவை வெட்டித் தைத்துப் பாருங்கள். புரோட்டோடைப் இல்லாமல் புராஜெக்ட் சப்மிட் பண்ணுவோமா? (பண்ணியிருக்கிறோம், அது வேற கதை.)

சரி, இவ்வளவு கஷ்டம் எதற்கு, நிறுவனங்களே பழைய டிசைன்களை மறுபதிப்புப் போடுகின்றனவே என்று கேட்கலாம். பட்டரிக் 1952இல் விட்ட 'வாக்அவே' கவுன் அப்படித் திரும்பி வந்ததுதான். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தைக்க ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்கு அதையே போட்டுக்கொண்டு போகலாம் என்பது அதன் விளம்பரம். ஆனால் மறுபதிப்புகளை இன்றைய அளவுக்கும் இன்றைய லூஸுக்கும் தகுந்த மாதிரி பெரும்பாலும் திருப்பி வரைந்துவிடுகிறார்கள். படம் பழசு, கணக்கு புதுசு. பழைய கணக்கு வேண்டுமென்றால் பழைய தாளுக்குத்தான் போக வேண்டும்.

அந்தத் தாள் கிடைப்பதுதான் பிரச்சினை. செய்யப்பட்டதே தூக்கிப் போடுவதற்காக. தைத்து முடித்தால் குப்பை, ஃபேஷன் மாறினால் அதுவும் குப்பை. கடையில் விற்காமல் நின்றது, பரணில் மறந்து போனது, இப்படித்தான் மிச்சம். இதைக் காப்பாற்ற முதலில் ஓடியவர்களில் நாடக உடை தைப்பவர்களும் உண்டு. 1890இல் நடக்கும் காட்சிக்கு 1890இன் வெட்டு வேண்டுமே! நியூயார்க்கின் நாடக உடை வடிவமைப்பாளர் பெட்டி வில்லியம்ஸ் சேர்த்தவை இன்று ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் பேட்டர்ன் காப்பகத்தில் இருக்கின்றன. அதை வளர்த்தவர் அங்கே நாடகத்துறைப் பேராசிரியராக இருந்த ஜாய் ஸ்பனாபெல் எமரி. உறைப்படத்தோடு உள்ளே இருக்கும் துண்டுகளின் வரைபடத்தையும் பதிந்து வைத்திருக்கிறார்கள். உறை வெறும் அழகு, வடிவம்தான் அறிவு.

வருஷம் கண்டுபிடிப்பது தனி விளையாட்டு. பல உறைகளில் ஆண்டே இருக்காது. தபாலில் வந்ததென்றால் முத்திரையைப் பாருங்கள். முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு இருந்தால் 1963க்கு முன்னால் போகாது, அந்த எண் முறையே அப்போதுதான் வந்தது.

சேகரிப்பவர்களிடம் வெட்டாத, மடிப்புக் கலையாத தாளுக்குத்தான் மவுசு. வெட்டினால் விலை விழும். அதனால் பிரிக்காமலே பத்திரப்படுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு இது பிடிக்கவில்லை. அதே சமயம் கத்தரிக்கோலோடு பாய்கிறவர்களும் வேண்டாம். நடுவழி ஒன்று இருக்கிறது: டிரேசிங் பேப்பரில் நகலெடுங்கள், நகலை வெட்டுங்கள், அசலைத் திருப்பி உறையில் போடுங்கள். சுருக்கம் இருந்தால் நீராவி இல்லாமல் லேசான சூட்டில் இஸ்திரி போடலாம்.

பகிரும்போது ஸ்கேலைப் பாருங்கள். போனில் போட்டோ எடுத்தால் ஓரங்கள் சாயும். ஸ்கேனர்தான் சரி, பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலையும் வைத்து எடுங்கள். நான் முதல் தடவை 'ஃபிட் டு பேஜ்' கொடுத்து பிரின்ட் எடுத்தேன். 96 சதவீதமாகச் சுருங்கியதில் 36 அங்குலம் முப்பத்து நாலரை ஆகிவிட்டது, துணி வெட்டின பிறகுதான் தெரிந்தது. பிளான் பிரின்ட் போடும் கடையில் ஏ0 தாளில் நூறு சதவீதம் என்று சொல்லிக் கேளுங்கள், வந்ததும் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். உரிமை விஷயமும் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி 1963 வரை அங்கே வெளியானவற்றில் 28ஆம் ஆண்டில் பதிப்புரிமையைப் புதுப்பிக்காதவை பொதுச் சொத்து. அதற்குப் பிந்தைய குறிப்புத் தாளையும் உறைப்படத்தையும் ஸ்கேன் செய்து விற்பது வம்பு.

விலை குறைவான, ஏற்கெனவே வெட்டிய பேட்டர்ன் கிடைத்தால் விடாதீர்கள். இடுப்பில் யாரோ பென்சிலால் அரை அங்குலம் கூட்டியிருப்பார்கள். உறை மேல் ஒரு பெயர், அதை அடித்துவிட்டு வேறு கையெழுத்தில் இன்னொரு பெயர். தொலைந்துபோன காலர் துண்டுக்குப் பதில் சில சமயம் நியூஸ் பேப்பரில் வெட்டிய ஒன்று மடித்து வைத்திருக்கும். அதைத் திருப்பிப் பாருங்கள், தேதி இருக்கலாம்.