பெரம்பலூரா, பெரம்பூரா: ஊரைக் கண்டுபிடிக்கும் தேடல் பெட்டி

இணையதளப் படிவத்தில் 'ஊர்' என்ற கட்டத்தில் இரண்டு மூன்று எழுத்தைத் தட்டியதும் கீழே ஊர்ப்பெயர்கள் இறங்குகின்றன. ஒன்றைத் தொட்டால் கட்டம் நிரம்பிவிடுகிறது. கூகுள் நிறுவனம் 2004 டிசம்பரில் 'கூகுள் சஜெஸ்ட்' என்ற சோதனைப் பக்கத்தை வெளியிட்ட பிறகு இந்த ஆட்டோகம்ப்ளீட் வசதி பரவலானது. இன்று ரயில் முன்பதிவு முதல் கூரியர் பதிவு வரை எங்கும் இருக்கிறது. தட்டச்சு மிச்சமாவது அதன் சிறிய பயன்தான். தரவு சுத்தமாக வந்து சேர்வதே பெரிய பயன். கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டால் ஒருவர் ஜெயங்கொண்டம் என்பார், இன்னொருவர் செயங்கொண்டம் என்பார். ஆங்கிலத்தில் நடுவே 'என்' போட்டு எழுதுபவர் ஒருவர், 'எம்' போடுபவர் மற்றொருவர். கணினியின் கணக்கில் இவை நான்கு ஊர்கள்.

இந்தப் பெட்டிக்கு மூன்று பகுதிகள் உண்டு: திரையில் தெரியும் கட்டம், பொருத்திப் பார்க்கும் நிரல், இரண்டுக்கும் பின்னால் இருக்கும் பெயர்ப் பட்டியல். நிரலாளர்கள் பெரும்பாலும் முதல் பகுதியில்தான் நேரத்தைச் செலவிடுகிறார்கள். ஆனால் பெட்டி தேறுவதும் சொதப்புவதும் மூன்றாவதால்.

கட்டத்துக்கான விதிகள் எளியவை. ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வரைக் கேட்கக் கூடாது. விரல் 200 அல்லது 300 மில்லிவினாடி ஓய்ந்த பிறகு கேட்டால் போதும். மெதுவான செல்போன் இணைப்பில் முந்தைய கேள்விக்கான பதில் பிந்தி வந்து புதிய பட்டியலை அழித்துவிடும்; ஆகவே புதுக் கேள்வி கிளம்பியதும் பழையதை ரத்து செய்ய வேண்டும். மவுஸ் இல்லாமல் மேல், கீழ் அம்புக்குறிகளாலும் என்டர் விசையாலும் தேர்வு செய்ய முடிய வேண்டும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், எத்தனை பெயர்கள் வந்தன, இப்போது எதன் மேல் நிற்கிறோம் என்பதைச் சொல்லவும் வேண்டும்.

பொருத்திப் பார்ப்பதற்கு 'டிரை' என்ற கிளை அமைப்பு நெடுநாளாகப் பயன்படுகிறது. 1960-இல் இப்பெயரை வைத்தவர் எட்வர்ட் ஃப்ரெட்கின். ஒரே தொடக்கம் கொண்ட பெயர்கள் ஒரே தண்டில் ஏறி, எழுத்து மாறும் இடத்தில் பிரிகின்றன. பெரம்பலூரும் சென்னையின் பெரம்பூரும் ஆங்கிலத்தில் முதல் ஆறு எழுத்துவரை ஒன்றாகவே போய் ஏழாவதில்தான் பிரியும். தமிழ் யூனிகோடிலும் அப்படியே: ப, எகரக் குறி, ர, ம, புள்ளி, ப என்ற ஆறு குறியீடுகள் இரண்டுக்கும் பொது. ரயில் தேடலில் இதற்கு ஒரு விளைவு உண்டு. பெரம்பலூரில் ரயில் நிலையம் கிடையாது. நிலையப் பட்டியலை மட்டும் வைத்திருக்கும் பெட்டியில் அந்தப் பெயரைத் தட்டிக்கொண்டே போகிறவருக்குப் பாதி வழியில் பெரம்பூர் வந்து நிற்கும். பக்கத்தில், விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் இருக்கும் அரியலூரைக் காட்டுவதுதான் அவருக்கு உதவி.

தமிழில் தட்டச்சு செய்யும்போது வேறு சிக்கல்கள் வருகின்றன. ஆங்கில ஒலிப்பு விசைப்பலகையில் 'ர' வருவதற்கு முன் ஒரு கணம் 'ர்' நிற்கும். அந்தக் கணத்தில் 'பெர்' என்று தொடங்கும் ஊரைத் தேடினால் பெரம்பலூர் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். அடுத்த விசைக்குத் திரும்ப வரும். கடைசி எழுத்தில் புள்ளி இருந்தால் அதைக் கழித்துவிட்டுத் தேடுவதே தீர்வு. இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. ஜெயங்கொண்டத்தில் உள்ள 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு இராது, கணினிக்கு இரண்டும் வேறு. யூனிகோடின் 'என்.எஃப்.சி' சீராக்கத்தைப் பட்டியலுக்கும் தேடலுக்கும் ஒருசேரச் செய்தால் இது தீரும். இதைச் செய்யாத தளங்களில் கங்கைகொண்டசோழபுரமும் கிடைக்காமல் போகலாம்.

எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள்ள, விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-இல் வகுத்த திருத்தத் தொலைவு என்ற அளவு உதவும்: ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்ற எண்ணிக்கை. ஜெயங்கொண்டத்தின் 'என்', 'எம்' தகராறு ஒரே திருத்தத்தில் முடியும். அரியலூரின் கடைசியில் 'யு' போடாமல் இரட்டை 'ஓ' போட்டவருக்கு இரண்டு திருத்தம். கீழப்பழுவூரில் இந்த முறை கைவிட்டுவிடும். 'கே'க்குப் பின் இரண்டு 'இ', 'இசட்', 'எச்' என்று எழுதுபவரும் உண்டு. 'ஐ', 'எல்' என்று முடிப்பவரும் உண்டு. அந்த முன்பகுதிக்கே நான்கு திருத்தம் ஆகிறது. நான்கை அனுமதித்தால் குன்னம் போன்ற குட்டிப் பெயர்களுக்குச் சம்பந்தமில்லாத ஊரெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஒலிச்சாவி தயாரிப்பது இதைவிட நல்லது. ஆங்கிலத்தில் 'இசட்-எச்'சை 'எல்' ஆகவும், இரட்டை 'இ'யை 'ஐ' ஆகவும், இரட்டை 'ஓ'வை 'யு' ஆகவும் சுருக்க வேண்டும். தமிழில் ழ, ள இரண்டையும் ல-வாகவும், ற-வை ர-வாகவும் ஆக்க வேண்டும். தட்டுபவரின் சொல்லுக்கும் அதே சாவியைப் போட்டு ஒப்பிட்டால் போதும்.

அரசாணையால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும் என்று காத்திருக்க முடியாது. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி வெளியிட்ட ஆணை, அதே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது.

முன்னெழுத்து கொண்ட ஊர்களும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் உண்டு: தா.பழூர், வி.களத்தூர். தேடுபவர் புள்ளி வைப்பார், வைக்கமாட்டார், 'களத்தூர்' என்று மட்டும் போடுவார். பெயரின் தொடக்கத்தை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்தையும் பார்க்கும் நிரல்தான் அவருக்குப் பதில் சொல்லும்.

ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பது அடுத்த சிக்கல். செந்துறை அரியலூர் மாவட்டத்தில் ஒன்று, திண்டுக்கல் மாவட்டத்தில் ஒன்று. வேப்பூர் பெரம்பலூரிலும் கடலூரிலும் உண்டு. ஆலத்தூர் பெரம்பலூர் மாவட்டத்தின் வட்டம். திருப்போரூர் பக்கத்திலும் கேரளத்தின் பாலக்காட்டிலும் அதே பெயர் இருக்கிறது. ஆகவே ஊர்ப்பெயருக்குக் கீழே வட்டமும் மாவட்டமும் சிறிய எழுத்தில் தெரிய வேண்டும். எதை முதலில் காட்டுவது என்பதில் புகழ் ஒரு பக்கம் இழுக்கும், அருகாமை மறுபக்கம் இழுக்கும். பாலக்கரை என்றால் தமிழ்நாடு முழுக்கத் திருச்சிதான் நினைவுக்கு வரும். பெரம்பலூரில் நிற்பவருக்கு அது தன் ஊர் பாலக்கரை. உள்ளூர்ச் செயலி தயக்கமில்லாமல் பக்கத்தில் இருப்பதற்கே முன்னுரிமை தர வேண்டும்.

மாவட்டம் என்ற தகவலும் நிலையானதன்று. ஜெயங்கொண்டம் 1995 வரை திருச்சி மாவட்டம். அந்த ஆண்டு பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தபோது அதற்குப் போனது. 2001 ஜனவரியில் அரியலூர் மாவட்டம் உருவாகி, 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 முதல் மறுபடியும் தனி மாவட்டமானது. ஊர் நகரவே இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் அதன் மாவட்டம் நான்கு முறை மாறிவிட்டது. பின்கோடும் கைகொடுக்காது. அம்முறை 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது. இந்த இரண்டு மாவட்டங்களும் அப்போது இல்லை. பெரம்பலூர் 621212, அரியலூர் 621704, ஜெயங்கொண்டம் 621802. திருச்சி மாவட்டத்தின் துறையூரும் முசிறியும்கூட 621-இல்தான் தொடங்குகின்றன. எனவே தரவுத்தளத்தில் பெயரையோ பின்கோடையோ அடையாளமாக வைக்கக் கூடாது. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சிக் கோப்பகம் ஒவ்வொரு கிராமத்துக்கும் தனி எண் தருகிறது. தேர்வானதும் அந்த எண்ணைச் சேமிப்பதே முறை.

பட்டியலை எங்கிருந்து எடுப்பது? கூகுள் பிளேசஸ் போன்ற சேவைகள் தெரு, கடை வரை காட்டும். பயன்பாட்டுக்கேற்பக் கட்டணம் உண்டு. முதல் எழுத்திலிருந்து தேர்வு வரையிலான கேள்விகளை ஒரே அமர்வாகச் சேர்க்கும் டோக்கனை அனுப்ப மறந்தால் கேள்விகள் தனித்தனியாகக் கணக்காகும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு இலவசம். ஆனால் அதன் தேடல் சேவையான நாமினாட்டிமின் பொது சர்வரை ஆட்டோகம்ப்ளீட்டுக்குப் பயன்படுத்த விதிகள் தடை செய்கின்றன. அதே தரவின் மேல் தட்டத்தட்டத் தேடுவதற்கென்றே உருவான ஃபோட்டான் மென்பொருளைச் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம்.

இரண்டு மாவட்டங்களுக்குள் ஊரளவில் நிற்கும் செயலிக்கு இவை எதுவும் வேண்டியதில்லை. பெரம்பலூரில் 121, அரியலூரில் 201, ஆக 322 ஊராட்சிகள். கூடவே சில நகராட்சிகளும் பேரூராட்சிகளும். தமிழ்ப்பெயர், ஆங்கிலப்பெயர், மாற்று எழுத்துக்கூட்டல், வட்டம், எண் எல்லாம் சேர்த்தாலும் செல்போனில் எடுத்த ஒரு புகைப்படத்தின் அளவுக்கு வராது. பக்கத்தோடு அனுப்பிவிட்டால் பிரவுசரே தேடிக்கொள்ளும், இணைப்பு அறுந்தாலும் வேலை செய்யும். இந்த அளவுக்கு டிரைகூட மிகை. பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை பார்த்தாலே கண்ணிமைக்கும் நேரம் ஆகாது. வாரம் ஒருமுறை, விடை கிடைக்காமல் போன தேடல்களை எடுத்துப் பார்த்து விடுபட்ட குக்கிராமங்களையும் புதிய எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்துவர ஓர் ஆள் வேண்டும். அவர் அந்தப் பக்கத்து ஊர்க்காரராக இருப்பது நல்லது.